கொடியில் கிடந்த கறுப்புச் சட்டை

என் அப்பா எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ராயபுரத்துப் பழைய ஆட்கள் யாரையாவது பார்த்தால், "கருப்பட்டிக் கடைக்காரர் பொண்ணா நீ? கறுப்புச் சட்டை போட்டு ஜெயிலுக்குப் போனாரே, அவரு?" என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள். ஆனால் அப்பா ஜெயிலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அவர் போட்டிருந்தது கட்சிச் சட்டையும் இல்லை. அதை அவர் என் அக்காவுக்காகப் போட்டிருந்தார்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். அப்பா சின்ன வயதில் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ராயபுரம் வந்து, கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் கருப்பட்டிக் கடை வைத்தார். புளியும் வற்றல் மிளகாயும்கூட இருக்கும். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போய்விட்டுக் கரையேறுகிறவர்கள், ரயில்வேக்காரர்கள் என்று எல்லோரும் வருவார்கள். கடைக்குப் பின்கட்டில் வீடு. அப்பா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்கும் எனக்கும் இடையில் பிறந்தவை தங்கவில்லை என்பதால் எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகம்.

அக்கா கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தவள். வீட்டில் கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று இருந்தது. அப்பாவின் சட்டைகளை அவள்தான் தைப்பாள். அவள் தைத்த முதல் சட்டையில் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்துத் தைக்கிறேன் என்று அவள் எவ்வளவு கெஞ்சியும் அப்பா கழற்றிக் கொடுக்கவில்லை.

"கடைக்கு வாரவன் காலரையா பாக்கான்? கருப்பட்டியத்தான பாக்கான். விடுளா" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் அவளுக்குக் கை பழகி நன்றாகவே தைத்தாள். ஆனாலும் கோயிலுக்குப் போகும்போது அப்பா அந்தக் கோணல் காலரைத்தான் எடுத்துப் போடுவார்.

சுதந்திரம் வந்த வருஷம், மழைக்காலம் ஓய்கிற சமயத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டைஃபாய்டு என்றார்கள். அப்போது அதற்கு மருந்தென்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, பார்லித் தண்ணீர் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, காய்ச்சல் தானாக இறங்கக் காத்திருந்தோம். ஒரு தடவை இறங்கியது. அன்று அவள் எழுந்து உட்கார்ந்து என் தலையைப் பின்னிவிட்டாள். மறுநாள் மறுபடி ஏறியது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளைக் காசிமேட்டில் அடக்கம் செய்தோம்.

அப்பா அழவில்லை. வந்தவர்களை உட்கார வைத்தார், பங்குச் சாமியாருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், பெட்டியைத் தூக்குகிறவர்களிடம் வாசல்படியில் கால் இடறாமல் பார்த்துப் போகச் சொன்னார். எல்லாம் முடிந்த சில நாள் கழித்து, கடைத்தெருவிலிருந்து ஒரு சாயப்பொடிப் பொட்டலம் வாங்கி வந்தார். கொல்லையில் அடுப்பு மூட்டிப் பழைய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அக்கா தைத்த சட்டைகள் இரண்டை எடுத்து உள்ளே போட்டார். கோணல் காலரும் அதில் ஒன்று.

அம்மா ஓடி வந்தாள். "இது என்னங்க கூத்து?"

"கொழும்புல பாத்திருக்கேன். நம்ம வேதக்காரவுகதான். பிள்ளையப் பறிகொடுத்தா ஒரு வருசம் கறுப்புத்தான் உடுத்துவாக. வருசப் பூசை அன்னைக்குத்தான் மாத்துவாக."

"இங்க யாரு அப்படிச் செய்தா?"

"யாரும் செய்யாண்டாம். நான் செய்தேன்."

சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. கறுப்பாகவும் இல்லாமல் கருநீலமாகவும் இல்லாமல், மடிப்புகளில் திட்டுத் திட்டாக வந்தது. இன்னொரு பொட்டலம் வாங்கி மறுபடியும் முக்கினார். அப்பாவின் உள்ளங்கை பல நாள் கறுத்தே இருந்தது. கருப்பட்டி நிறுக்கும்போது பார்ப்பேன்.

அந்தச் சட்டையைப் போட ஆரம்பித்த பிறகு அவருக்குக் கொஞ்சம் ஆசுவாசம் கிடைத்தது என்றே நினைக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "எப்படி இருக்கீங்க" என்று யாரும் கேட்கவில்லை. அவரும் "நல்லா இருக்கேன்" என்று பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில், துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்குகிற ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும். அவர் உண்மையாகவே கட்சிக்காரர். சாமி இல்லை, பூதம் இல்லை என்று தெருவில் நின்று பேசுவார். கறுப்புச் சட்டைதான் போடுவார். கரி வேலைக்கும் அதுதான் தோது என்று அவரே சிரிப்பார். அப்பாவை முதலில் கறுப்பில் பார்த்த அன்று, கடை வாசலில் நின்று கையைத் தட்டினார்.

"இன்னா நைனா! நீயும் நம்மாளு ஆயிட்டியா?"

அப்பா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் கோயிலுக்குப் போற ஆளுப்பா. இது என் மகளுக்கு" என்றார்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "தெரியாம கேட்டுட்டேன் நைனா. மன்ச்சுக்கோ" என்றார். கருப்பட்டியை வாங்கிக்கொண்டு போனவர், பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, "தங்கச்சிய நான் முன்னாடி பாத்துக்கீறேன். தண்ணி எடுக்க வரும். நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த சில மாதங்களில்தான் உத்தரவு வந்தது. அவர்களுடைய கட்சியின் கறுப்புச் சட்டைத் தொண்டர் படையைச் சர்க்கார் தடை செய்திருந்தது. பேப்பரில் எழுதியிருந்தது தொண்டர் படையைப் பற்றித்தான். அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் கறுப்புச் சட்டையைப் பற்றியது என்று ஆகிவிட்டது. மேலே இருந்தவர்கள் எதை நினைத்து எழுதினார்களோ எனக்குத் தெரியாது. கீழே நின்ற போலீஸ்காரனுக்கு ஒருவன் எந்தப் படை என்று எப்படித் தெரியும்? நிறம் மட்டும்தான் தெரியும்.

முதலில் வந்து சொன்னவர் கரிக்காரர்தான்.

"கொஞ்ச நாளிக்கிக் கழட்டி வெச்சிடு நைனா. நான் போட்டு நாலு அடி வாங்குனா அது எங்களுக்கும் அவனுங்களுக்கும் இருக்கிற தகராறு. உனக்கு இன்னாத்துக்கு?"

"வருசம் முடியலையே" என்றார் அப்பா.

பிறகு ஏட்டு வந்தார். வயதானவர், எங்கள் கடையில் வெகுநாளாகச் சாமான் வாங்குகிறவர். அக்கா சாவுக்குத் தெருவரை வந்து நின்றவர். "பெரியவரே, எனக்கு எல்லாம் தெரியும். புச்சா வந்துகீற எஸ்.ஐ.க்குத் தெரியாது. அவன் கிட்ட நான் இன்னான்னு சொல்வேன்? கையில ஒரு கறுப்புத் துணி கட்டிக்கோ. துக்கம் துக்கந்தான?" என்றார். அப்பா அவருக்கு ஒரு வட்டுக் கருப்பட்டி கொடுத்தார்.

அம்மாவே போய்ச் சாமியாரை அழைத்து வந்தாள். அவர் நல்ல மனிதர். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, துக்கம் மனசில்தான் இருக்க வேண்டும், உடுப்பில் இல்லை, ஆண்டவருக்கு நம் உள்ளம் தெரியும் என்றெல்லாம் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"சாமி, என் மகளுக்கு ஆறாம் மாசப் பூசை வைக்கும்போது நீங்க என்ன நெறத்துல உடுத்துவீக?"

அந்தக் காலத்தில் இறந்தவர்களுக்கான பூசைக்குக் குருக்கள் கறுப்பு அங்கிதான் போடுவார்கள். சாமியார் தரையைப் பார்த்தார். "அது பூசை உடுப்புப்பா. கோயிலுக்குள்ள" என்றார் மெதுவாக.

"எனக்கும் அப்படித்தான் சாமி" என்றார் அப்பா.

ஆறாம் மாதப் பூசை காலையில் நடந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். அப்பா கோணல் காலர் சட்டையைப் போட்டிருந்தார். அன்று அந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் கூட்டம் போடப் போகிறார்கள் என்று போலீசுக்குத் தகவல் போலிருக்கிறது. ரோட்டோரம் வேன் நின்றது. கறுப்புச் சட்டைக்காரர்கள் சிலரை ஏற்கெனவே பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவர்களில் கரிக்காரரும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, போய்விடுங்கள் என்று கையை ஆட்டினார். அந்தக் கையாட்டலே போலீசை எங்கள் பக்கம் திரும்ப வைத்தது என்பது அவர் எண்ணம். அதை அவர் பின்னால் எத்தனையோ தடவை சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அது அப்படி இல்லை. எப்படியும் எங்களைப் பார்த்திருப்பார்கள்.

புது சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். மீசை அரும்பிய முகம். கத்தக்கூட இல்லை.

"கழட்டு" என்றார்.

"ஐயா, நான் அந்தக் கட்சி இல்ல. பூசைக்குப் போயிட்டு வாரேன். என் மூத்த மக எறந்து இன்னைக்கு ஆறு மாசம்."

"ஒவ்வொருத்தனும் ஒரு கதை வெச்சிருக்கான். கழட்டுய்யா."

"என் மக தச்ச சட்டை ஐயா இது."

அம்மா குறுக்கே போனாள். ஏட்டும் பின்னாலிருந்து, "சார், இவரு நம்ம கருப்பட்டிக் கடைக்காரரு, வேதக்காரரு..." என்று இழுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஏட்டு வாயை மூடிக்கொண்டார். இரண்டு கான்ஸ்டபிள்கள் அப்பாவின் கையைப் பிடித்துச் சட்டையைத் தலைவழியே உருவினார்கள். ஒரு பொத்தான் தெறித்து மண்ணில் விழுந்தது.

எங்கள் அப்பா வீட்டிலேயே மேல்துண்டு இல்லாமல் இருக்கமாட்டார். நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே குளித்து உடுத்திவிடுவார். அவருடைய வெறும் மார்பை நான் பகல் வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான். நெஞ்சு முடி முழுக்க நரைத்திருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. கழுத்தில் உத்தரியம் தொங்கியது. கயிற்றில் கோத்துக் கோயிலில் கொடுக்கிற அந்தச் சின்னத் துணித்துண்டைப் பார்த்த பிறகாவது விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. அப்பா இரண்டு கையையும் குறுக்கே வைத்து மார்பை மூடிக்கொண்டார், பெண்கள் மூடிக்கொள்வது மாதிரி. அப்படியே வேனில் ஏறினார்.

மீன் கூடையோடு வந்துகொண்டிருந்த ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வேனின் பின்னால் ஓடினாள். "டேய்! பொண்ணு செத்த துக்கம்டா அது! நீயெல்லாம் வூட்டுக்குப் போயி சோறு துன்னுவியா?" என்று கத்தினாள். அவளை எங்களுக்கு முன்பின் தெரியாது. யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். கட்சிக் காகிதம், புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். செபப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். கொல்லைக்குப் போனார்கள். அங்கே கொடியில் இன்னொரு கறுப்புச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா காலையில்தான் துவைத்துப் போட்டிருந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தான்.

அம்மா அதுவரை அழுதுகொண்டிருந்தவள், சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

"ஐயா, போட்டிருக்கக் கூடாதுன்னுதான உத்தரவு? கொடியில கெடக்குறத யாரு போட்டிருக்கா?"

ஈரம் அவன் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. "எடுத்தாரச் சொன்னாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஸ்டேஷனுக்குள் நடந்ததைக் கரிக்காரர் சொல்லித்தான் தெரியும். தன் தோளில் இருந்த துண்டை அவர் அப்பாவுக்குப் போர்த்தியிருக்கிறார். அப்பாவிடம் இரண்டு விஷயம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம். ஒன்று, நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் இல்லை என்று. அதை அப்பா உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்னொன்று, இனிமேல் கறுப்புச் சட்டை போடமாட்டேன் என்று. அதை எழுதவில்லை. எழுதினால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறார்கள். "வருசம் முடியல ஐயா" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

"அடிச்சாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா, அத்தெல்லாம் இல்ல" என்றார் கரிக்காரர். கேள்வி முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவும் நானும் வராந்தாவில் நின்றோம். எங்களைத் தாண்டிக் கறுப்புக் கோட்டுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அம்மா ஒவ்வொன்றையும் பார்த்தாள். மாஜிஸ்ட்ரேட் அப்பாவை எச்சரித்து விட்டுவிட்டார். உங்கள் துக்கம் புரிகிறது, ஆனால் காலம் சரியில்லை, வேறு நிறத்தில் உடுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். இரக்கத்தோடுதான் சொன்னார் என்று அப்பா சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். அந்த இரண்டு நாளைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தார். அம்மா வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கறுப்பு கூடாதுங்காக. வெள்ளையப் போட எனக்குக் கை வரல. ஒண்ணும் வேண்டாம்."

அன்றிலிருந்து அவர் சட்டை போடவில்லை. துண்டும் போடவில்லை. வேட்டியும் உத்தரியமுமாகக் கடையில் உட்கார்ந்தார். இதில் போலீஸ் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வெறும் உடம்போடு திரிகிறவர்கள்தான். கோவணத்தோடு ரோட்டைக் கடந்து போகிறவரைக்கூட யாரும் தடுத்ததில்லை. ஆனால் அவர்களுக்கு அது உடம்பு. அப்பாவுக்கு அது கூச்சம். பொம்பளைகள் யாராவது சாமான் வாங்க வந்தால் அவர் கை தானாக எழுந்து மார்பை மறைக்கும். பிறகு நினைவு வந்தவர் மாதிரி இறங்கிவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடை வழியாக வராமல் சந்து வழியாகச் சுற்றி வருவேன்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். கேஸ் முடிந்ததே, சட்டைகளைக் கொடுங்கள் என்று கேட்பதற்கு. ஏட்டு எங்களை ஒரு ஓரத்து அறைக்குக் கூட்டிப்போனார். மூலையில் கறுப்புச் சட்டைகள் குவியலாகக் கிடந்தன. எத்தனையோ பேருடையவை. வியர்வை வாசனையும் பூஞ்சை வாசனையும் அடித்தது. கூரை ஒழுகி அடியில் இருந்தவை சாயம் கலந்து ஒட்டிப்போயிருந்தன.

"உங்களுது எதுன்னு தெரியுமாம்மா?" என்று ஏட்டு கேட்டார்.

அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்து, காலரை விரலால் தடவிப் பார்த்து, பக்கத்தில் வைத்தாள். எனக்கு அந்தச் சட்டைகளைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அவள் தொட்டாள். ஒன்றை எடுத்ததும் அப்படியே நிறுத்திவிட்டாள். ஒரு பொத்தான் இல்லை. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை முகத்தோடு வைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. ஏட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அப்போது சப்-இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். இதெல்லாம் கேஸ் பொருள், மேலேயிருந்து உத்தரவு வராமல் கொடுக்க முடியாது என்றார். "அதான் பாத்துட்டீங்களே, வெச்சுட்டுப் போங்க" என்றார். அம்மா அதை மடித்தாள். கடைக்காரர்கள் புதுச் சட்டையை மடிக்கிறது போல, கை இரண்டையும் பின்னால் மடக்கி, நேராக மடித்து, குவியலின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த தடவை நாங்கள் போனபோது அந்த அறை காலியாக இருந்தது. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள்.

"எரிச்சுட்டாங்கம்மா" என்றார் ஏட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "நான் அன்னிக்கி லீவு."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னிடம், அப்பாவுக்குச் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. அவரும் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்கவில்லை.

வருஷப் பூசை வந்தது. அப்பா குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, வெறும் மார்போடு கோயில் வாசலுக்கு வந்தார். கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வரக்கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு, அப்பாவுக்கும் தெரியும். சாமியாரே வெளியே வந்தார். கறுப்பு அங்கி உடுத்தியிருந்தார். "இன்னைக்காவது ஒண்ணு போட்டுக்கப்பா. நான் தாரேன்" என்றார்.

"நீங்க பூசைய ஆரம்பிங்க சாமி. நான் இங்கன இருந்துக்கிடுதேன்."

பக்கவாட்டு வாசலுக்கு வெளியே மணலில் முழங்கால் போட்டார். நான் உள்ளே பெண்கள் பக்கம் இருந்தேன். திரும்பினால் அவர் தெரிவார். வெயில் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. பாதிப் பூசையில் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். எல்லோரும் பார்க்க நடுவழியாக நடந்து வெளியே போய் அவர் பக்கத்தில் முழங்கால் போட்டாள். கொஞ்சம் தள்ளி, மதிலோரம், கரிக்காரர் நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, எந்தச் சாமியையும் பார்க்காமல், வெறுமனே நின்றிருந்தார்.

பெயர் வாசித்தபோது சாமியார் அக்காவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். வெளியே கேட்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வருஷம் முடிந்தும் அப்பா சட்டைக்குத் திரும்பவில்லை. அதன் பிறகு காலம் மாறியது. பிடிப்பதும் அடிப்பதும் குறைந்தது. சில வருஷத்தில் திருவொற்றியூர் வரைக்கும் கறுப்புச் சட்டை ஊர்வலங்கள் போயின. போலீஸே பக்கத்தில் நடந்து ரோட்டை ஒழுங்கு செய்தது. ஒருநாள் அம்மா துணிக்கடைக்குப் போய் நல்ல கறுப்புத் துணி வாங்கி வந்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"இப்பம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. தைக்கக் கொடுக்கட்டுமா?"

அப்பா துணியைத் தடவிப் பார்த்தார். "நல்ல துணி" என்றார். பிறகு, "வருசம் முடிஞ்சு போச்சேம்மா. இப்பம் எதுக்கு?" என்றார்.

அவர் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் துணியை அம்மா கரிக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். அவர் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு அப்பாவிடம் காட்ட வந்தார். அப்பா அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, முன்னும் பின்னும் பார்த்து, தோள் கொஞ்சம் இறுக்கம் என்றார்.

வாழ்க்கையில் பின்னால் நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகி, எது உடுத்தலாம், எது கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் இடத்தில் இருந்திருக்கிறேன். சில கட்டுப்பாடுகளுக்குக் காரணம் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. அந்த வருஷம் ஊரில் பதற்றம் இருந்தது, சர்க்காருக்கும் பயம் இருந்திருக்கும். ஆனால் ஒரு மனுஷன் ஏன் அதை உடுத்தியிருக்கிறான் என்று கேட்கப் பொறுமை இல்லாதவர்களிடம் அதைக் கழற்றுகிற அதிகாரத்தைக் கொடுக்கலாமா? எத்தனை பேரோடு பேசியும் எனக்கு இதற்குச் சமாதானம் கிடைக்கவில்லை. என் அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில் தெரிந்திருக்கும். அவர் சொல்லவும் சொன்னார்.

அப்பா ஐம்பதுகளின் நடுவில், ஒரு மார்கழியில் போனார். வெறும் மார்பில் கடல்காற்று வாங்கி வாங்கி நெஞ்சில் சளி கட்டியிருந்தது. டாக்டர் கம்பளி போடச் சொன்னார். போர்வையை மட்டும் போர்த்திக்கொள்வார், படுத்திருக்கும்போது மட்டும். காய்ச்சல் வந்த ஐந்தாறு நாளில் முடிந்துவிட்டது. பெட்டியில் வைக்கும்போது வெள்ளைச் சட்டை போட்டார்கள். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடுங்கள் என்றும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

கல்லறையில் மண் போடும் நேரத்தில் கரிக்காரர் வந்து சேர்ந்தார். எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். யாருடையதோ, அவருக்குப் பெரிதாக இருந்தது, கையை மடித்துவிட்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவரைக் கறுப்பு தவிர வேறு நிறத்தில் நாங்கள் பார்த்ததே இல்லை.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்யா இத உடுத்திட்டு வந்த?"

"பக்கத்து வூட்டுல வாங்கியாந்தேம்மா" என்றார் அவர். "நான் கறுப்புல வந்து, அத்தால உங்க கோயில்ல, போலீஸ்ல, எவனாவது ஒண்ணு சொல்லி... நைனாவுக்கு இன்னிக்கி ஒரு தொல்லையும் வரக்கூடாதுன்னு..."

அன்று யாரும் அவரை எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அம்மா அந்தச் சட்டையின் மடித்துவிட்ட கையைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.